ஆங்கிலச் சொல்லும் இலத்தீன் முன்னொட்டும்

(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் இலக்கணம் பேசலாமா என்று செயலாளர் அவர்களிடம் தயங்கித்தான் கேட்டேன். "வாழ்த்துரையும் பொன்னாடையும் காலையிலேயே முடிந்துவிடும். பிற்பகல் அரங்கு இளைஞர்களுக்கு. தங்கள் விருப்பம்போல் பேசலாம்" என்றார். அந்த உரிமையை எடுத்துக்கொண்டு, ஆங்கிலச் சொற்களின் முகப்பில் நிற்கும் சில சிறு அசைகளைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். அவை இலத்தீன் மொழியிலிருந்து வந்த முன்னொட்டுகள். பெரும்பாலும் இரண்டு மூன்று எழுத்துகளே கொண்டவை. ஆனால் ஒரு சொல்லில் யார் மேலே, யார் கீழே, யார் உள்ளே, யார் வெளியே என்பதை முடிவு செய்பவை அவையே.

ஆங்கிலம் பயிலாத நம் தாய்மார்கள் நாள்தோறும் வழங்கும் சொற்களிலிருந்தே தொடங்குவோம். "பையனுக்குக் காலேஜில் அட்மிஷன் கிடைத்துவிட்டது" என்கிறார் ஒருவர். "மேஸ்திரியிடம் பர்மிஷன் கேட்டுத்தான் வந்தேன்" என்கிறார் மற்றொருவர். தரகர் கமிஷன் எடுத்துக்கொள்கிறார். ஆலையில் ஒருவரை டிஸ்மிஸ் செய்துவிடுகிறார்கள். அட்மிஷன், பர்மிஷன், கமிஷன், டிஸ்மிஸ் ஆகிய இந்நான்கும் ஒரே வேரிற் கிளைத்தவை. இலத்தீனில் 'மித்தெரே' என்றால் அனுப்புதல், செல்ல விடுதல். அதன் முன் 'அட்' வந்தால், ஓரிடத்தை நோக்கிச் செல்ல விடுதல். அஃதாவது உள்ளே சேர்த்துக்கொள்ளுதல். 'பெர்' வந்தால், ஊடே செல்ல விடுதல், அஃதாவது இசைவளித்தல். 'காம்' என்றால் 'சேர்த்து'. ஒரு பொறுப்பை ஒருவர் கையிற் சேர்ப்பித்தல் கமிஷன். அப்படி ஒப்படைத்த பணிக்குரிய கூலியும் கமிஷன்தான். பணி ஒப்படைக்கப்பட்ட குழுவும் கமிஷன்தான். 'டிஸ்' என்றால் 'பிரித்து, அப்பால்'. அப்பால் அனுப்பிவிடுதல் டிஸ்மிஸ். விண்ணப்பத்தைச் 'சப்மிட்' செய்கிறோமே, அதிலுள்ள 'சப்' என்பதற்குக் 'கீழ்' என்பது பொருள். விண்ணப்பம் என்பது கீழிருந்து மேலே செல்வது என்று அந்தச் சொல்லே நினைத்துக்கொண்டிருக்கிறது.

எனவே ஒரு வேரையும் ஐந்து முன்னொட்டுகளையும் அறிந்தவன் ஐந்து சொற்களை அறிந்தவனாகிறான். மனப்பாடம் செய்தவனும் ஐந்து சொற்களை அறிந்திருப்பான். ஆனால் ஆறாவது சொல் எதிர்ப்படும்போது இருவருக்குமுள்ள வேறுபாடு தெரிந்துவிடும்.

இந்த இலத்தீன் ஆங்கிலத்துக்குள் எப்படி வந்தது? 1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அவர்கள் பேசியது இலத்தீனின் வழிவந்த பிரெஞ்சு மொழி. அரசவையும் நீதிமன்றமும் அம்மொழிக்குரியவை ஆயின. வழக்குகளை ஆங்கிலத்தில் வாதிட வேண்டும் என்று சட்டம் செய்வதற்கு 1362ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பின்னர் 16ஆம் நூற்றாண்டில் கற்றோர் நேரே இலத்தீன் நூல்களிலிருந்தே சொற்களை அள்ளிவந்தனர். அவற்றை 'மைக்கூட்டுச் சொற்கள்' என்று அந்நாட்டவரே சிலர் எள்ளி நகையாடினர். கை, கால், நீர், நிலம் போன்றவற்றுக்கு ஆங்கிலத்தில் இன்றும் பழைய நாட்டுச் சொற்களே உள்ளன. உழுகிறவனுக்கு அது 'லேண்ட்'. அதைப் பத்திரத்தில் எழுதி வைத்துக்கொண்டவனுக்கு அது 'ப்ராப்பர்ட்டி', 'பொஸஷன்'. ஆகவே நெடிய சொற்களைக் கண்டு அஞ்சுவது நம் பிள்ளைகளுக்கு மட்டும் நேர்ந்த குறையன்று. இங்கிலாந்தின் கூலித் தொழிலாளியின் பிள்ளையும் அதே சுவரின் முன்னேதான் நின்றான். இதை நான் வகுப்பில் முதல் நாளே சொல்லிவிடுவது வழக்கம்.

நமக்கென்று தனியே ஓர் இடர்ப்பாடு உண்டு. தமிழ், பொருளைச் சொல்லின் ஈற்றில் வைக்கும் மொழி. வருவான், வாரான், வருவாரோ எனும்போது ஈற்றைக் கேட்ட பின்பே வருகையா, மறுப்பா, ஐயமா என்று தெரிகிறது. நம் கண்ணும் காதும் சொல்லின் வால்புறத்தையே தேடிப் பழகியவை. ஆங்கிலத்தின் இலத்தீன் சொற்களிலோ மறுப்பு தலைவாயிலிலேயே நின்றுவிடுகிறது. 'இன்எலிஜிபிள்' என்ற சொல்லின் 'இன்'னைத் தாண்டிச் சென்று, 'தகுதியுடையோர்' என்று விடையெழுதிய மாணவரை நான் ஆண்டுதோறும் கண்டிருக்கிறேன். அவர்கள் அறிவிலிகள் அல்லர். தமிழ்க் கண்ணால் படித்தவர்கள், அவ்வளவே.

ஆயினும் இது முற்றிலும் புதிய வித்தையும் அன்று. வடமொழி வழியாக இதே முறை நம்மிடையே வழங்குகிறது. மானம் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'அவ' சேர்ந்தால் அவமானம்; 'சம்' சேர்ந்தால் சன்மானம்; 'அபி' சேர்ந்தால் அபிமானம். 'அவ' என்பதற்குக் 'கீழே' என்று பொருள். இந்தக் கடைசிச் செய்தியைச் சற்றே நினைவில் வைத்திருங்கள்.

அடுத்து எழுத்துப் பிழை பற்றி ஒரு சொல். ஆங்கிலத்தில் எந்தச் சொல்லில் எந்த எழுத்து இரட்டிக்கும் என்பது மாணவரை வாட்டும் கேள்வி. இதற்கு விடை நம் நன்னூல் பயின்றோர்க்கு எளிது. அது புணர்ச்சியேயன்றி வேறில்லை. மரம் என்பதோடு 'கள்' சேர மரங்கள் ஆகிறது. பொன்னும் குடமும் சேரப் பொற்குடம் ஆகிறது. அவ்வாறே 'அட்' என்னும் முன்னொட்டின் 'டி', வரும் எழுத்துக்கேற்பத் திரிகிறது. 'பி' வந்தால் 'பி' ஆகும்; ஆகவே 'அப்ளிகேஷன்' என்பதில் இரண்டு 'பி'. 'எஸ்' வந்தால் 'எஸ்' ஆகும். ஆகவே 'அஸைன்மென்ட்' என்பதன் முதலில் இரண்டு 'எஸ்'. 'அக்காமடேட்' என்ற சொல்லில் 'சி'யும் இரண்டு, 'எம்'மும் இரண்டு. அங்கே 'அட்', 'காம்' என இரு முன்னொட்டுகள் அடுத்தடுத்து நிற்பதே காரணம். 'இன்' என்ற மறுப்பு முன்னொட்டு 'எல்' வரும்போது 'இல்' ஆகிறது. 'இல்லீகல்' என்ற சொல்லில் நம் 'இல்லை'யே புகுந்துவிட்டதாக ஒரு மாணவர் மகிழ்ந்தார். அது தற்செயல் ஒற்றுமை என்று நான் சொன்னபோது அவர் முகம் வாடிற்று.

பாபாசாகேப் அம்பேத்கர் 1936ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலின் ஆங்கிலப் பெயரில் 'அனிஹிலேஷன்' என்றொரு சொல் வருகிறது. அதன் முதலில் இரண்டு 'என்'. பலர் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். 'நிஹில்' என்றால் 'ஒன்றுமில்லை'. அதன் முன் நிற்பது 'அட்'. 'என்' வந்ததால் 'என்' ஆயிற்று. 'ஒன்றுமில்லாமையை நோக்கி' என்பது சொல்லின் வேர்ப்பொருள். சாதியைச் சீர்திருத்துவதோ தணிப்பதோ அன்று, அது ஒன்றுமில்லாது போகும்வரை கொண்டுசெலுத்துவது என்று அந்த 'அட்' திசைகாட்டி நிற்கிறது. அந்த நூலும் ஓர் உரைதான். லாகூரில் ஆற்றுவதற்கென எழுதி, ஆற்ற இயலாமற்போன உரை.

இனி நான் சொல்ல விரும்பிய செய்திக்கு வருகிறேன். 'ப்ரெஸ்' என்றால் அழுத்துதல். மிதிவண்டிக் கடைக்காரர் காற்றைச் சேர்த்து அழுத்தி வைப்பது 'கம்ப்ரெஸர்'. உள்ளிருப்பதை வெளியே அழுத்திக் கொணர்வது 'எக்ஸ்பிரஸ்'; சொல்லின் முதற்பொருள் வெளிப்படுத்துதல், விரைவு என்பது பின்னர் வந்தது. உள்ளே பதியுமாறு அழுத்துவது 'இம்ப்ரெஷன்'. நம் பாட்டன்மார் பத்திரங்களில் இட்ட இடது பெருவிரல் ரேகைக்கு ஆவணங்களில் எழுதப்பட்ட சொல் அதுவே. இவை எளியவை. அழுத்தம் மனிதர்மேல் விழும்போது ஆளப்படும் சொற்களே நம் கருத்துக்குரியவை. அவற்றுள் முதலாவது 'டிப்ரெஸ்'. 'டீ' என்றால் 'கீழே'. சற்று முன் சொன்ன 'அவ'வின் உறவினர் என்று கொள்ளலாம். இரண்டாவது 'சப்ரெஸ்', அடியில் வைத்து அழுத்துதல். மூன்றாவது 'ஒப்ரெஸ்'. இதன் முன்னொட்டு 'ஆப்'. 'எதிராக' என்று பொருள். எதிர்நின்று, மேலே விழுந்து அழுத்துதல்.

மூன்றும் ஒன்றுதானே என்று தோன்றும், அன்று. வங்கக் கடலில் 'டிப்ரெஷன்' உருவாகியிருப்பதாக வானிலை அறிக்கையில் கேட்கிறோம். அங்கே தாழ்வு இருக்கிறது; தாழ்த்தியவர் எவருமில்லை. பள்ளமான தரைக்கும் அதே சொல்தான். அச்சொல் ஒரு நிலையைக் கூறுகிறது. அந்நிலைக்கு யார் பொறுப்பு என்று கேட்பதில்லை. 'ஒப்ரெஸ்' அப்படியன்று. எதிராக என்றதுமே, எதிரே நிற்பவன் யார் என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. கடலில் ஒருபோதும் 'ஒப்ரெஷன்' உருவாவதில்லை.

நம் மக்களுக்கு ஆங்கிலத்தில் இட்ட பெயர்களின் வரலாற்றை இதனோடு பொருத்திப் பாருங்கள். ஆட்சியாளரும் தொண்டு மன்றங்களும் வழங்கிய பெயர் 'டிப்ரெஸ்டு கிளாஸஸ்'. 1906இல் பம்பாயில் வி. ரா. ஷிண்டே அவர்கள் தொடங்கிய அமைப்பின் பெயரிலும் அதுவே இருந்தது. காந்தியடிகள் 1920, 1921ஆம் ஆண்டுகளில் 'சப்ரெஸ்டு' என்ற சொல்லை எழுதினார். அழுத்தி வைத்திருக்கிறார்கள் என்பதை அது சற்றே ஒப்புக்கொள்கிறது. நம் எம். சி. ராஜா அவர்கள் 1925ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அதன் தலைப்பு 'தி ஒப்ரெஸ்டு இந்துஸ்'. 'பறையர்', 'பஞ்சமர்' என்ற பெயர்களை விடுத்து 'ஆதிதிராவிடர்' என வழங்குமாறு சென்னை மாகாண அரசு 1922இல் ஆணையிடச் சட்டமன்றத்தில் முயன்றவர் அவரே. 'டீ' வேண்டாம், 'ஆப்' வேண்டும் என்று அவர் எண்ணித்தான் தலைப்பிட்டாரா என்பதற்கு நான் சான்று காட்டப்போவதில்லை. சொல் அவ்வாறு அமைந்திருக்கிறது என்பதை மட்டும் காட்டுகிறேன்.

ஆனால் பெயரைப் பற்றி எண்ணித்தான் செய்தார்கள் என்பதற்கு வேறோர் இடத்தில் உறுதியான சான்று உண்டு. இலண்டன் வட்டமேசை மாநாட்டில் நம் சார்பில் அமர்ந்த இருவர் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும். அவ்விருவரும் 1931 நவம்பரில் அளித்த துணை விண்ணப்பத்தில், 'டிப்ரெஸ்டு கிளாஸஸ்' என்ற பெயர் இழிவுபடுத்துவதாக உள்ளது, புதிய அரசியலமைப்பு வரையப்படும் இத்தருணத்தில் அதை மாற்ற வேண்டும் என்று கேட்டார்கள். மாற்றுப் பெயர்களையும் தந்தார்கள். சாதியற்ற இந்துக்கள், 'புரொட்டஸ்டண்ட்' இந்துக்கள், 'நான்-கன்ஃபார்மிஸ்ட்' இந்துக்கள் என்பன அவை. தலையிலிருந்து 'டீ'யை இறக்கிவிட்டு அந்த இடத்தில் எதை ஏற்றுகிறார்கள் என்று பாருங்கள். 'நான்' என்றால் 'அல்லாத'. 'கான்' என்றால் 'ஒருசேர'. 'ஃபார்ம்' என்றால் வடிவம். எல்லாரோடும் ஒரே அச்சில் வார்க்கப்பட மறுப்பவர் என்று பொருள். இங்கிலாந்தில் அரசுத் திருச்சபையின் வழிபாட்டு முறைக்கு இணங்க மறுத்தவர்களுக்கு 17ஆம் நூற்றாண்டிலிருந்து வழங்கிவந்த பெயர் அது. அந்த மாநாட்டு மேசையில் எதிரே அமர்ந்திருந்த ஆங்கிலேயருக்கு அதை விளக்க வேண்டிய தேவையே இருந்திராது.

'புரொட்டஸ்டண்ட்' என்பதன் வேர் நீங்கள் அனைவரும் அறிந்த ஒன்று. சாதிச் சான்றிதழின் நகலுக்கு 'அட்டெஸ்டேஷன்' வாங்கப் படியேறி இறங்கியிருக்கிறீர்கள் அல்லவா? அதே வேர். 'டெஸ்ட்' என்பது இங்கே சாட்சி கூறுதல். 'அட்' சேர்ந்தால், ஒன்றிற்குச் சாட்சி கூறுதல். 'புரோ' சேர்ந்தால், முன்வந்து, வெளிப்பட நின்று சாட்சி கூறுதல். 'ப்ரொட்டெஸ்ட்' என்பதற்கு எதிர்ப்பு என்று மட்டும் பொருள் சொல்லிப் பழகிவிட்டோம். எதிர்ப்பைக் குறிக்கும் 'ஆப்' அதில் இல்லை. 'முன்' என்பதுதான் இருக்கிறது. 'டிப்ரெஸ்டு' என்பது நமக்குச் செய்யப்பட்டதைக் கூறும் பெயர். 'புரொட்டஸ்டண்ட்' என்பது நாம் செய்வதைக் கூறும் பெயர். செயப்பாட்டிலிருந்து செய்வினைக்கு வருவதற்காக அவ்விருவரும் அந்த விண்ணப்பத்தை எழுதினார்கள் என்றே நான் படிக்கிறேன்.

அப்பெயர்கள் ஏற்கப்படவில்லை. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் 'ஷெட்யூல்டு காஸ்ட்ஸ்' என்ற பெயரைக் கொண்டுவந்தது. 'ஷெட்யூல்' என்றால் பட்டியல். இலத்தீன் மூலத்தில் ஒரு சிறு துண்டுச் சீட்டு. அதில் இழிவும் இல்லை, உயர்வும் இல்லை. அலுவலகத்திற்கு ஏற்ற பெயர்.

பழைய பெயர் ஒழிந்துவிட்டதா என்றால், வருவாய்த் துறைப் பதிவேடுகளில் அது உயிரோடு இருக்கிறது. செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892 முதல் நம் மக்களுக்கு ஒப்படைக்கப்பட்ட நிலங்களைப் பஞ்சமி நிலம் என்கிறோம். பதிவேட்டில் அது 'டி.சி. நிலம்'. அந்த 'டி' என்ற ஒற்றை எழுத்து 'டிப்ரெஸ்டு' என்பதன் சுருக்கம். அந்நிலத்தைப் பிற வகுப்பினருக்கு விற்கக்கூடாது என்பதும், நிபந்தனை மீறப்பட்டால் அரசு அதை 'ரெஸ்யூம்' செய்யலாம் என்பதும் ஒப்படையின் விதிகள்.

'ரெஸ்யூம்' என்ற இச்சொல்லைப் பற்றி நான் கண்ட ஒன்றைக் கூறவேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்துக்கு ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. நிலத்தை நிபந்தனைக்கு மாறாக ஒற்றிக்கு விட்டிருப்பதாகவும், பதினைந்து நாளில் விளக்கம் தராவிடில் நிலம் 'ரெஸ்யூம்' செய்யப்படும் என்றும் அதில் இருந்தது. அந்த வீட்டில் முதன்முதல் கல்லூரிக்குச் சென்ற இளைஞர்தான் அதைப் படித்தார். விடுமுறை முடிந்து வகுப்புகள் 'ரெஸ்யூம்' ஆகும் என்று கல்லூரிப் பலகையில் அவர் பலமுறை படித்திருக்கிறார். 'மீண்டும் தொடரும்' என்பதே அவர் அறிந்த பொருள். "நம் அனுபோகம் தொடரும் என்று எழுதியிருக்கிறார்கள்" என்று தந்தையாருக்குச் சொன்னார். அவர் காகிதத்தை மடித்துக் கூரை எரவாணத்தில் செருகி வைத்துவிட்டு ஏர் பூட்டப் போனார். தவணை கடந்தது. பிறகு மேல்முறையீடு, வக்கீல் கட்டணம், இரண்டு ஆண்டு அலைச்சல். நிலம் இறுதியில் கைக்கு வந்தது. அலைச்சலுக்காக விற்ற உழவு மாடுகள் திரும்பவில்லை.

இளைஞர் படித்தது தவறன்று, பாதி. 'ரீ' என்ற முன்னொட்டுக்கு இரண்டு பொருள் உண்டு. 'மறுபடியும்' என்பது ஒன்று. 'திரும்ப, பின்னுக்கு' என்பது மற்றொன்று. 'சூமெரே' என்றால் எடுத்துக்கொள்ளுதல். வேலையை மறுபடியும் எடுத்துக்கொண்டால் அது தொடர்தல். கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டால் அது பறித்தல். கல்லூரிப் பலகையில் முதற்பொருள்; நிலச் சட்டத்தில் இரண்டாம் பொருள். அதே சொல் நமக்கு வாளாகவும் பயன்படும். பிறர் கைக்குப் போய்விட்ட பஞ்சமி நிலத்தை அரசு 'ரெஸ்யூம்' செய்து நமக்கே மீண்டும் ஒப்படைக்க வேண்டும் என்றுதானே இன்று மனு எழுதுகிறோம்? மனு எழுதும் தம்பியர் 'ரிட்டர்ன்' என்று எழுதுவதைவிட, சட்டத்திலுள்ள சொல்லையே எழுதுவது நல்லது.

'ரீ'யின் இரண்டாம் பொருளே 'ரிசர்வேஷன்' என்பதிலும் உள்ளது. 'செர்வாரே' என்றால் காத்து வைத்தல். பிறர் எடுத்துவிடாதபடி பின்னே ஒதுக்கிக் காத்து வைப்பது 'ரிசர்வ்'. அரசியலமைப்பின் 16ஆம் உறுப்பு 4ஆம் உட்பிரிவில் அந்தச் சொல் நிற்கிறது. அதனை எதிர்ப்போர் 'டிஸர்வ்' என்ற சொல்லை, தகுதி என்ற பொருளில், எடுத்து வீசுவதுண்டு. ஒலி ஒத்திருப்பதால் இரண்டும் ஒரே வேர் என்று எண்ணிவிடாதீர்கள். 'டிஸர்வ்' பிறந்தது 'செர்வீரே' என்ற வேறொரு வினையிலிருந்து. அதன் பொருள் ஊழியம் செய்தல். 'டீ' இங்கே 'கீழே' என்று பொருள்படாது, 'முற்ற' என்று பொருள்படும். முற்ற ஊழியம் செய்து அதனால் உரிமை பெறுதல் என்பதே அச்சொல்லின் வரலாறு. தலைமுறை தலைமுறையாக இந்நாட்டில் முற்ற ஊழியம் செய்தவர் யார் என்று கேட்டால், வாதம் எதிரே இருப்பவர் எதிர்பார்க்காத பக்கம் திரும்பிவிடும்.

நமக்கெனச் செய்த சட்டங்களின் பெயர்களிலும் முன்னொட்டு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயர் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், ஆங்கிலத்தில் 'அஃபென்ஸஸ்'. அதில் 'ஆப்' உள்ளது. எதிரே வந்து தாக்குதல். 1976இல் அதையே திருத்திக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்றார்கள், 'ப்ரொடெக்ஷன்'. அதில் 'புரோ' உள்ளது. முன்னே நின்று மறைத்தல். 1989இல் வந்தது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 'பிரிவென்ஷன்'. இதன் 'பிரீ' காலத்தால் முந்துவது. 'வெனீரே' என்றால் வருதல். தீங்கு வருமுன் தான் வந்து நிற்பதே 'பிரிவென்ட்'. வேர்ப்பொருளின்படி, குடிசை எரிந்த பின் வந்து சேர்வது 'பிரிவென்ஷன்' ஆகாது. வெறும் சொல்விளையாட்டுக்காக இதைச் சொல்லவில்லை. அச்சட்டத்தின் 17ஆம் பிரிவு, வன்கொடுமை நிகழக்கூடும் என்று நம்பக் காரணமிருந்தால், நிகழுமுன்னரே நடவடிக்கை எடுக்க மாவட்ட நீதிபதி என்னும் நிலையில் ஆட்சியருக்கும் காவல் அதிகாரிகளுக்கும் அதிகாரம் அளிக்கிறது. நம் மனுக்களில் இப்பிரிவை நாம் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் கருத்து.

இலத்தீன் அல்லாத ஒரு முன்னொட்டையும் சொல்லியாக வேண்டும். அது நம்மேல் ஒட்டப்பட்டது. 'அன்டச்சபிள்' என்பதிலுள்ள 'அன்' பழைய ஆங்கிலத்துக்கே உரியது. இலத்தீன் முறையில் 'தீண்ட இயலாதது' என்று சொன்னால் 'இன்டேஞ்சிபிள்' ஆகும். உருவமில்லாததால் கைக்கு அகப்படாத பொருளுக்கு அச்சொல் உரியது. நற்பெயரும் வணிக உரிமையும் அத்தகையவை. மனிதனைத் தீண்ட இயலாது என்று எவனும் சொல்ல முடியாது. தீண்டக்கூடாது என்று விதித்தவர்கள், அந்த விதியைத் தீண்டப்படாதவனின் உடற்குணம்போல் ஆக்கிவிட்டது 'அன்டச்சபிள்' என்ற சொல். தமிழில் 'தீண்டாமை' என்கிறோம். மறுப்பு நம் வழக்கப்படி வினைக்குப் பின்னே வருகிறது. தீண்டாமை என்றால் தீண்டாதிருக்கும் செயல். அது தீண்டாதவனுடைய குற்றம். நம் உடலின் குணமன்று. அரசியலமைப்பின் 17ஆம் உறுப்பு ஒழிப்பதாகக் கூறுவது இதைத்தான் என்று தமிழில் படிக்கும்போது எனக்கு இன்னும் தெளிவாகப் புரிகிறது.

முன்னொட்டு அறிந்தவர்க்கு ஓர் எச்சரிக்கை. எங்கும் அதைத் தேடக்கூடாது. 'டிஸிப்ளின்' என்பதில் 'டிஸ்' இருப்பதாக நினைத்து, 'சிப்ளின் என்றால் என்ன ஐயா?' என்று கேட்ட மாணவர் உண்டு. அது கற்றல் என்ற வினையிலிருந்து வந்த சொல். வெட்டிப் பிரிக்க இடமில்லை. 'இன்' என்பதும் ஒன்றன்று, இரண்டு. மறுக்கும் 'இன்' ஒன்று. 'உள்ளே' என்னும் 'இன்' மற்றொன்று. டாங்கர் லாரியின் பின்புறம் 'இன்ஃபிளேமபிள்' என்று எழுதியிருப்பது எரியாது என்று சொல்வதற்கன்று. எளிதில் தீப்பற்றும் என்று சொல்வதற்கு. அங்குள்ள 'இன்' மறுப்பு அன்று. இதனால் விபத்து நேரக்கூடும் என்று அஞ்சி, 'ஃபிளேமபிள்' என்ற சொல்லையே எழுத வேண்டும் என்று பல நாடுகளில் வற்புறுத்தினார்கள். ஆங்கிலேயருக்கே ஐயம் வருமிடத்தில் நாம் வெட்கப்பட ஒன்றுமில்லை. அகராதியைத் திறக்க வேண்டியதுதான்.

கழகத்தின் வாசகசாலையில் நல்ல ஆங்கில அகராதி ஒன்று இருக்கிறது. சொல்லின் பிறப்பை அதில் சதுர அடைப்புக்குள் அச்சிட்டிருப்பார்கள். பொருளை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம். இனி அந்த அடைப்பையும் படியுங்கள். குறிப்பேட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு வேர் என்று எழுதுங்கள். வேரை நடுவில் வைத்து, முன்னொட்டுகளைச் சுற்றிலும் எழுதினால் மறக்காது.

தொடக்கமாக ஒரு வேரைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். 'ஸ்பெக்', பார்த்தல் என்று பொருள். 'இன்ஸ்பெக்டர்' எங்கே பார்க்கிறார், 'சஸ்பெக்ட்' என்றால் எங்கிருந்து பார்ப்பது, 'டெஸ்பைஸ்' என்பதில் அதே வேர் எப்படி உருமாறி ஒளிந்திருக்கிறது, 1925இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கத்தின் ஆங்கிலப் பெயரிலுள்ள 'ரெஸ்பெக்ட்' எந்தத் திசையில் பார்க்கச் சொல்கிறது என்று கண்டு வாருங்கள். விடையை நான் இன்று சொல்லப்போவதில்லை. ஞாயிறு காலை பத்து மணிக்கு இதே கூடத்தில் இருப்பேன்.